சேர்ந்து தின்ன வேண்டிய இலை

டென்மார்க்குக்கு அகதிகளாக வந்தவர்கள் மனைவிமாரைக் கூப்பிட அனுமதி கேட்டால், அமைச்சு பதிலே சொல்லாமல் இழுத்தடித்த காலம் அது. சில்க்போர்க் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்தார் இருந்தார்கள். இளையவரின் மடியிலிருந்த தொட்டியில் நீலப் பூவோடு ஒரு படர்கொடி.

“இந்த இலையைப் புருசனும் பெண்சாதியும் சேர்ந்து திண்டால் அன்பு குறையாதாம், அண்ணை. முந்தி இஞ்சத்தைச் சனம் அப்பிடிச் செய்யிறதாம். வீட்டுக்காரக் கிழவி சொல்லித் தந்தவ.”

“உன்ர மனுசி மன்னாரிலயெல்லோ?”

“ஓம். போன மாசம் கடிதத்துக்குள்ள ஒரு இலை வைச்சு அனுப்பினனான்.”

“திண்டவவோ?”

“இல்லை. செபப்புத்தகத்துக்குள்ள வைச்சிருக்கிறாவாம். விசா கிடைக்கட்டும், அங்க வந்து சேர்ந்து தின்னுவம் எண்டு எழுதியிருக்கிறா.”

“அதுக்குள்ள உன்ர செடி பட்டுப்போகும்.”

“படாது அண்ணை. பனிக்குள்ளயும் பச்சையா நிக்கும். இஞ்ச கல்லறையள் மேல நடுறதும் இதைத்தானாம்.”

மூத்தவர் தொட்டி மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப நல்லாத் தண்ணி ஊத்து, தம்பி. விசா வந்தால் நீங்கள் ரெண்டு பேரும் தின்னுங்கோ. வராட்டில் உன்ர தலைமாட்டில நாங்கள் நட்டுவிடுறம்.”