கேம் ஆடின கையும் சம்பந்தி மீசையும்

மீசையில பாதி மடியில விழுந்ததுக்கப்புறம்தாண்ணே எனக்கே தெரிஞ்சுது! அவருக்கா? அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆச்சு. கண்ண மூடிக்கிட்டு சுகமா உக்காந்திருந்தாரு மனுஷன். யாரு மீசைங்கறீங்க? இந்தக் கடை வச்சிருக்கற எங்க மாமாவோட சம்பந்தி மீசை! போன மாசம்தான் அந்த வீட்டுல பொண்ணக் குடுத்திருக்காரு. ஐயோ... எந்திரிக்காதீங்கண்ணே, உக்காருங்க. உங்களுக்குக் கிருதா மட்டும்தானே? கிருதாவுல என்ன ஆகிடப்போவுது.

தலைய ஆட்டாதீங்க. ம்ம்... அப்படியே.

இல்ல, நான் கேக்கறேன், கேம் ஆடினா கண்ணும் கையும் ஒத்துப்போகும்னு சொல்றாங்களா இல்லியா? அதத்தான் நானும் மாமாகிட்ட சொன்னேன். "இது துண்டு துவைக்கிற கையா மாமா? ஓடற கார்லேந்து ஓடற கார சுடற கை! கண்ணு பாத்தா கை செய்யும்"னேன். எங்கக்கா வேற பக்கத்துல நின்னுகிட்டு, "தின்ன தட்டக் கழுவச் சொன்னா மட்டும் அந்தக் கை எங்கடா போவுது?"ங்கறா. சும்மா இருந்திருக்கலாம். எனக்கு ரோஷம் வந்து இன்னும் நாலு வார்த்தை பேசினேன். மாமா முடி வெட்டற மெஷினக் கையில குடுத்துட்டாரு! சலூன் வச்ச நாள்லேந்து வேற ஆள் தொடாத மெஷின்ணே அது.

குடுக்கும்போது, "டேய், மூஞ்சியப் பாத்து வெட்டு, கண்ணாடியப் பாத்து வெட்டாத"ன்னாரு. நல்ல புத்திதான்... ஆனா நான் என்னிக்குண்ணே கையப் பாத்து ஆடியிருக்கேன்? திரையத்தானே பாப்பேன்! கை பாட்டுக்குக் கீழ அதும் வேலையப் பாக்கும். இங்க பாருங்க, நான் நாற்காலிக்குப் பின்னால நிக்கறேன், எதிர்ல சுவரு நெறயக் கண்ணாடி, நடுவுல சம்பந்தி. கண்ணு தானா அங்க போயிடுச்சு. மெஷின் மீசைக்கு ரொம்பக் கிட்ட போற மாதிரி இருந்துச்சு. சரி, விலக்குவோம். கேம்ல எப்படி விலக்குவோம்? சட்டுனு நம்ம பக்கம் இழுப்போம்ல? இழுத்தேன். நம்ம பக்கம் யாருண்ணே இருக்கா? அவரு மூஞ்சிதான் இருக்கு!

கவனம் இல்லேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, எனக்குக் கோவம் வந்துடும். கவனமெல்லாம் கெட்டியாத்தான் இருந்துச்சு. கண்ணாடி மேல இருந்துச்சு, அவ்ளோதான்.

மாமா இப்ப சம்பந்தி வீட்டுக்குத்தான் போயிருக்காரு, சமாதானம் பேச. கிளம்பும்போது, "நான் வரதுக்குள்ள இந்த நாற்காலிலேந்து ஒருத்தராவது சிரிச்ச மூஞ்சியோட எறங்கணும். இல்லேன்னா நீ துண்டு துவைக்கவே போ, உன் கேம் பெட்டி உங்கக்காகிட்டப் போவும்"னுட்டாரு. அந்த ஒருத்தரு நீங்கதாண்ணே! என் குலசாமி மாதிரி உள்ள வந்தீங்க.

கண்ணாடியில என்ன துணியா? நாந்தான் மூடி வச்சேன். தெரிஞ்சாத்தானே கண்ணு போவும்? இப்ப பாருங்க என் கவனத்த... வலது கிருதா... அட. லேசா ஏறிடுச்சு. பரவால்ல, இடதையும் ஏத்திடுவோம்... இப்ப இடது ஒசந்துபோச்சே! இருங்க, இருங்க. கேம்ல ஒரு தடவ தோத்தா விட்டுட்டா போவோம்? திரும்பத் திரும்ப ஆடினாத்தான் கை படியும். வலது... இடது... இன்னும் ஒரே ஒரு... அண்ணே, இதுக்கு மேல முடியக் காணோமே, காது வந்துடுச்சே!

கண்ணாடித் துணிய இழுக்காதீங்க! அண்ணே, வேணாம்ணே...

பாத்துட்டீங்களா.

கத்தாதீங்கண்ணே, வளர்ற பொருள்தானே! ஐயோ, மாமா தெருமுனைல வராரு. திட்டணும்னா நாளைக்கு வந்து திட்டுங்க, இப்ப வாசல் தாண்டற வரைக்கும் பல்ல மட்டும் கொஞ்சம் காட்டிட்டுப் போங்க, கோடிப் புண்ணியம்! இது சிரிப்பு இல்லண்ணே, இது கடிக்க வர்ற மாதிரி... அண்ணே! போத்தின துணியோட ஓடறீங்களே!

வாங்க மாமா.

அவரா? ஒரு அவசர வேலையாம். ரொம்ப சந்தோஷமாத்தான்... சரி மாமா. சரி. இந்தாங்க மெஷின். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், தொழிலுக்கு வந்த புதுசுல உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கும்ல?

...ஒரு தடவகூடவா?