பானெட்டுல கை வைக்காதீங்க அக்கா

...மூணு வருஷமாம்! இந்தக் கார் பாலிஷ் கடை போர்டுல போட்டிருக்கான் பாருங்க, கொட்டை எழுத்துல. வேக்ஸ் ஒரு மாசம், சீலன்ட் ஆறு மாசம், செராமிக் கோட்டிங் மூணு வருஷம். கீழ பொடி எழுத்துல ஒண்ணு போட்டிருக்கே, அதைப் படிச்சீங்களா? நான் எந்திரிச்சுப் போய்ப் படிச்சேன். ஒன்றரை மணிநேரமா இந்த பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்கேன், வேற என்ன வேலை? "முறையான பராமரிப்புக்கு உட்பட்டது." முறையா பராமரிச்சா எதுதாம்மா மூணு வருஷம் வராது? மெழுகுவத்திகூட வரும், ஏத்தாம வச்சா!

உங்களுது எந்தக் கலர்மா? கறுப்பா? ஐயோ... இல்ல இல்ல, பயமுறுத்தல. நல்ல கலர்தான். ஷோரூம்லேர்ந்து வெளிய வர்ற வரைக்கும் ரொம்ப நல்லா இருக்கும்.

என்னுது சிவப்பு. அதோ, கண்ணாடி வழியாப் பாருங்க, பானெட்டுல பாதிக்கு நீல டேப் ஒட்டியிருக்காங்களே, அதேதான். அம்பத்தொரு வயசுல ஓட்டக் கத்துக்கிட்டு வாங்கினேன். லைசென்ஸ் டெஸ்ட்ல ரெண்டு தடவை ஃபெயில். மூணாவது தடவை அந்த ஆபீசருக்கே பாவமாப் போச்சு போல, முகத்தைத் திருப்பிக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டாரு. இப்படி வாங்கின காரு, அதுல ஒரு கீறல் விழுந்தா மனசு கேக்குமா? நீங்களே சொல்லுங்க... ம், அதான்.

எத்தன வீடியோ பாத்தேன் தெரியுமா? எனக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட இவ்ளோ விசாரிக்கலம்மா. இவரைப் பத்தி ரெண்டே கேள்விதான் கேட்டேன். வேலை இருக்கா, குரலை ஒசத்திப் பேசுவாரா. முடிஞ்சுது. கார் பெயின்ட்டுக்கு நாலு மாசம் விசாரிச்சேன். ராத்திரி படுத்துக்கிட்டு நான் வேக்ஸ் வீடியோ பாப்பேன், இவரு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துப்பாரு. ஒரு நாள் சொன்னாரு, "இருவத்தாறு வருஷத்துல என் மூஞ்சிய நீ இப்படி உத்துப் பாத்ததில்ல." உங்க மூஞ்சில என்ன மூணு லேயர் பெயின்ட்டா இருக்குன்னு கேட்டேன். வாய்! வாய்தாம்மா எனக்கு...

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், வேக்ஸ். முதல்ல அதுதான் போட்டேன். மெழுகுதாம்மா, ஷூ பாலிஷ் மாதிரி தகர டப்பாவுல வரும். தடவி, காயவிட்டு, தொடைச்சு... ஒரு ஞாயித்துக்கிழமை முழுசாப் போச்சு. திங்கக்கிழமை கையைத் தூக்கித் தலை வார முடியல. ஆனா பளபளப்பு இருக்கே, அடடா! தண்ணி ஊத்தினா முத்து முத்தா உருண்டு ஓடுது. நான் கப்புல மொண்டு மொண்டு ஊத்திப் பாத்தேன், குளிக்கிற தண்ணி காலி. அஞ்சு வாரம்மா. அப்புறம் முத்து தட்டையாச்சு. அதுக்கப்புறம் ஈரத்துணி போத்தின மாதிரி அப்படியே ஒட்டிக்கிச்சு. வெயில்ல நிறுத்தினா மெழுகு என்ன பண்ணும்? உருகும்! இதைத் தெரிஞ்சுக்க எனக்கு நாலு மாசம்.

அடுத்தது சீலன்ட். அது மெழுகு இல்ல, ஏதோ கெமிக்கல், பெயின்ட்டைக் கெட்டியாப் புடிச்சுக்கும். பொய் சொல்லக்கூடாது, ஆறு மாசம் நின்னுச்சு. அதோட நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தினேனா? தினம் காலையில ஆறரைக்கு எந்திரிச்சு, காபிகூடக் குடிக்காம, மஞ்சத் துணி ஒண்ணு எடுத்துக்கிட்டு, ராத்திரி படிஞ்ச தூசியை ஒரு பொட்டு விடாம தொடைச்சுடுவேன். குழந்தைக்கு மூஞ்சி தொடைச்சு விடுற மாதிரி. தெருவுல நடைப்பயிற்சி போறவங்க எல்லாம் "காரை எப்படி வச்சிருக்காங்க பாரு"ன்னு பேசிக்கிட்டுப் போவாங்க. எனக்கு அது காதுல விழணும். அதுக்காக இன்னும் அஞ்சு நிமிஷம் கூடத் தொடைப்பேன்.

அப்புறம்தான் வந்துச்சு வினை. ஒரு நாள் மத்தியானம், உச்சி வெயில். பானெட்டைப் பாக்குறேன், சிலந்தி வலை! வட்ட வட்டமா, மெல்லிசு மெல்லிசா கீறல். வெயில் எங்க விழுதோ அதைச் சுத்தி ஒரு வலை. நான் நகந்து நின்னா வலையும் கூடவே நகருது. உக்காந்து யோசிச்சேன். இது யார் வேலை? முதல்ல எதுத்த வீட்டுப் பூனை. ஒரு வாரம் ஜன்னலோரம் நின்னு கண்காணிச்சேன், அது எங்க கார் பக்கமே வரல, அதுக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க. அப்புறம் பேப்பர் போடுறவரு. அவரு கேட்டைத் தாண்டி உள்ள வர்றதே இல்ல. அப்புறம்...

அப்புறம் எங்க ஓரகத்தி.

எங்க வீட்டுக்காரரோட அண்ணி. மாடியில இருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் தவறி நாலு வருஷம் ஆகுது. எனக்குக் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து "அக்கா"ன்னுதான் கூப்பிடுறேன். போன வருஷ கடைசியில அவங்களுக்கு முட்டி ஆபரேஷன். வாரத்துல மூணு நாள், செவ்வா, வியாழன், சனி, காலுக்குப் பயிற்சி குடுக்குற எடத்துக்குப் போகணும். நான்தான் கூட்டிட்டுப் போவேன். கைத்தடிய ஊணி மெல்ல மெல்ல எறங்கி வருவாங்க. நான் வீட்டைப் பூட்டிட்டு வர்ற வரைக்கும் நிக்கணுமே, பானெட்டுல ஒரு கையை ஊணிக்கிட்டு நிப்பாங்க. கை நிறைய வளையல். எனக்குப் பொறி தட்டிடுச்சு!

"பானெட்டுல கை வைக்காதீங்க அக்கா"ன்னேன். நல்லபடியாத்தாம்மா சொன்னேன். அப்படித்தான் நினைக்கிறேன். அவங்க சட்டுனு கையை எடுத்துட்டாங்க. அடுத்த தடவை எறங்கி வர்றாங்க, ரெண்டு கையும் மொட்டையா இருக்கு. வளையலைக் கழட்டிக் கைப்பையில போட்டுக்கிட்டு வந்திருக்காங்க.

அதைப் பாத்ததும் எனக்கு உறைச்சிருக்கணும் இல்ல? என்ன நினைச்சேன் தெரியுமா? "அப்ப வளையல் இல்ல, கைத்தடிதான்." இதுதாம்மா என் புத்தி. துப்பறியுறாளாம்!

அதுக்கப்புறம் இந்த செராமிக் கோட்டிங் பைத்தியம் புடிச்சுது. கடையில போட்டா செலவுன்னு பாட்டில் வாங்கி நானே போட்டேன். அதுல ஒரு கணக்கு இருக்கும்மா, நீங்க கறுப்புக் கார் வச்சிருக்கீங்க, நல்லாக் கேட்டுக்குங்க. முழங்கை அளவுக்குக் கொஞ்சம் எடத்துல தடவணும், ரெண்டு நிமிஷத்துல தொடைச்சு எடுத்துடணும். விட்டா கல்லாட்டம் இறுகிடும். வேக்ஸ்ல தப்புப் பண்ணா அது தானே போயிடும். இது போகாது. கதவெல்லாம் அழகாப் போட்டேன். பானெட்டுல பாதி தடவியிருக்கேன், ஃபோன் அடிக்குது. அக்கா. "நாளைக்குப் பத்தரைக்கு வரச் சொல்லிட்டாங்க, உனக்கு லீவு போட முடியுமா"ன்னு கேக்குறாங்க. தன்மையாத்தான் கேட்டாங்க. முடியும், முடியாதுன்னு ஏதாவது ஒண்ணைச் சொல்லிட்டு ஃபோனை வச்சிருக்கலாம் இல்ல? "நீங்க கீறின கீறலுக்குத்தான் மருந்து போட்டுக்கிட்டு இருக்கேன்"னேன்.

அக்கா மெதுவா "நான் கீறினேனா?"ன்னாங்க.

புடிச்சுக்கிட்டேன் பாருங்க. கைத்தடி, வளையல், கைப்பை ஜிப்பு, பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி எங்கிட்டேர்ந்து வாங்கிட்டுப் போய்ப் புடி ஒடஞ்சு வந்த குக்கர்... எல்லாத்தையும் இழுத்தேன். இருவது நிமிஷம்மா! அவங்க மொத்தமாப் பேசினது நாலு வாக்கியம் இருக்கும். கடைசியா, "இனிமே உன் கார்ல நான் கால் வைக்க மாட்டேன்"னாங்க. கோவமா இல்ல. ரொம்ப சாதாரணமா, கடைக்குப் போயிட்டு வர்றேங்கிற மாதிரி சொல்லிட்டு வச்சுட்டாங்க. நான் திரும்பிப் பாக்குறேன், பானெட்டுல நான் தடவினது தேமல் மாதிரி இறுகிப் போய் நிக்குது. தேய்க்கிறேன், தேய்க்கிறேன், நகம்தான் போச்சு. அந்தத் தேமலுக்கும் அக்காதான் காரணம்னு இவருகிட்ட சொன்னேன். இவரு பேப்பரை மடிச்சு வச்சுட்டு எந்திரிச்சு மாடிக்குப் போயிட்டாரு. ராத்திரி சாப்பாடு அங்கதான்.

சிரிக்கிறீங்களா? சிரிங்க சிரிங்க. நான் சிரிக்காத எடம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். இத்தன சொல்லிட்டேன், இதை மறைப்பானேன்.

போன செவ்வாக்கிழமை. சிக்னல்ல நிக்கிறேன். பக்கத்துலயே பஸ் ஸ்டாப்பு. அக்கா நிக்கிறாங்க. கைத்தடி, தோள்ல கைப்பை. உக்கார எடம் இல்ல, கம்பத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. என் காரைப் பாத்தாங்க, தெரிஞ்சுக்கிட்டாங்க. சிவப்பாச்சே, தெரியாம இருக்குமா? நான் என்ன பண்ணேன்? ஏசி பட்டனைத் திருகிக்கிட்டு இருந்தேன். ஏதோ அது ரிப்பேர் மாதிரி. பச்சை விழுந்துச்சு, கிளம்பிட்டேன். கண்ணாடியில பாக்குறேன், பஸ் வந்து நிக்குது. படி நல்ல ஒசரம். நல்லா இருக்குற காலை எடுத்து வச்சுட்டாங்க, ஆபரேஷன் பண்ண கால் வரல. யாரோ ஒருத்தர் உள்ள இருந்து கையைக் குடுத்துத் தூக்கி விட்டாரு.

யாரோ ஒருத்தர்.

உங்க பாட்டில்ல தண்ணி இருக்கா? ...பரவால்ல, இருக்கட்டும்.

இன்னிக்கு என்ன ஆச்சுன்னா, நல்லாக் கேளுங்க, இன்னும் முடியல. காலையில வண்டியக் கொண்டாந்து விட்டுட்டு இந்தப் பாலிஷ்காரத் தம்பிகிட்ட பெருமையாச் சொல்றேன், "எங்க சொந்தக்காரங்க கைத்தடியால கீறிட்டாங்க தம்பி, அதுக்கு மேல கோட்டிங் போட்டு மறைச்சுடுங்க"ன்னு. அவரு, "கோட்டிங் கீறலை மறைக்காதும்மா, உள்ள வச்சுப் பூட்டிடும். முதல்ல பாலிஷ் போட்டுக் கீறலை எடுக்கணும், அதுக்கு மேலதான் கோட்டிங்"னாரு. இதை எந்த வீடியோவிலயும் சொல்லலியான்னு கேக்காதீங்க. சொல்லியிருப்பாங்க. அந்த எடத்தை நான் ஓட்டி விட்டிருப்பேன்.

அப்புறம் ஒரு லைட்டை எடுத்து அடிச்சுக் காட்டுறாரு. பானெட்டுல வலை. கதவுல வலை. டிக்கியில வலை. ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை ஏறச் சொன்னாரு. கூரையில பாத்தா, பானெட்டை விட அங்கதான் ஜாஸ்தி. நான் வாயத் தொறந்து நிக்கிறேன். எங்க அக்கா நாலே முக்கால் அடிம்மா! கூரை நடுவுக்கு அவங்க கை எட்டாது, தடிய மேல தூக்கினா அவங்களால நிக்கவும் முடியாது. "இவ்ளோ மேல எப்படிம்மா கைத்தடி வரும்?"னு அவரு கேக்கல. கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல. "தினம் எதால தொடைப்பீங்க?"ன்னாரு. நான் கைப்பையிலேர்ந்து மஞ்சத் துணிய எடுத்தேன், சாஃப்டான துணி தம்பி, பாருங்கன்னு. "தண்ணி ஊத்திட்டா?" இல்ல, காலையில அதுக்கெல்லாம் நேரம் ஏது, அப்படியே காஞ்ச துணியாலதான். அவரு லைட்டை அணைச்சுட்டாரு.

நான் என்ன வேலை பாக்குறேன்னு உங்ககிட்ட சொல்லவே இல்ல இல்ல? வேணும்னுதான் சொல்லல. மூக்குக் கண்ணாடிக் கடை. பத்தொம்பது வருஷம். ஒவ்வொரு கண்ணாடியையும் டப்பாவுல வச்சுக் குடுக்கும்போது ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்வேன், "தூசியோட காஞ்ச துணியால தொடைக்காதீங்க, கழுவிட்டுத் தொடைங்க, இல்லன்னா வட்ட வட்டமாக் கீறல் விழும்." வட்ட வட்டமா! என் வாயாலயே சொல்றது. ஒரு நாளைக்கு இருவது தடவை. காலையில ஆறரைக்குத் தேய்ச்சுட்டு, பத்து மணிக்குக் கடையில போய் உக்காந்து அடுத்தவங்களுக்குப் புத்தி சொல்லியிருக்கேன்.

இந்த மனுஷிக்காக அக்கா வளையலைக் கழட்டிட்டு வந்தாங்க.

அதான், ஒன்றரை மணிநேரமா உக்காந்து யாரையாவது திட்டலாமான்னு பாக்குறேன். போர்டைத் திட்டினேன், வேக்ஸைத் திட்டினேன். வேற ஆளே கெடைக்கல. நீங்க வந்து மாட்டிக்கிட்டீங்க.

மணி என்னம்மா? பதினொன்னே முக்காலா? இன்னிக்கு சனிக்கிழமை... பன்னெண்டு மணிக்கு அக்காவை விட்டுடுவாங்க. அங்கேர்ந்து பஸ் ஸ்டாப்புக்கு ரெண்டு தெரு நடக்கணும்... உங்களைக் கூப்பிடுறாங்க பாருங்க, கவுன்டர்ல. போங்க, போங்க. எதை வேணும்னாலும் போடுங்கம்மா, கழுவாம மட்டும் தொடைக்காதீங்க!

தம்பி! ஏந்தம்பி! சிவப்புக் கார் சாவி குடுங்க. தெரியுது, பாதி பானெட்டுதான் பாலிஷ் ஆயிருக்கு. அந்தப் பக்கம் தேமல் அப்படியே இருக்கா? இருக்கட்டும். அந்த டேப்பை மட்டும் உரிச்சுடுங்க... மழையா? லேசாத்தானே தூறுது? அப்ப இன்னும் சீக்கிரம் குடுங்க, அவங்க குடை எடுத்துட்டுப் போயிருக்க மாட்டாங்க. கைத்தடி ஒரு கையில, குடை ஒரு கையில, எப்படிப் புடிப்பாங்க? ...கால் வைக்க மாட்டேன்னு சொல்லியிருக்காங்க தம்பி, வைப்பாங்களான்னு எனக்கும் தெரியல. அவங்க நடந்தா நான் பக்கத்துலயே மெதுவா ஓட்டிக்கிட்டுப் போறேன், பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் சரி. மிச்சப் பாலிஷெல்லாம் திங்கக்கிழமை பாத்துக்கலாம். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. முன்னாடி அந்த எடது சீட்டு இருக்கில்ல, அதைக் கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளி விடுங்க. அவங்களுக்குக் கால் நீட்டணும்.