அயனிக்கு மேலே நின்ற சைக்கிள்

மூட்டுவலிக்குச் சைக்கிள் ஓட்டுவது நல்லது என்று மருத்துவர் சொன்னார். அதனால்தான் வாங்கினேன், வேறு உள்நோக்கம் எதுவும் அப்போது இல்லை. முன்னால் பெரிய பெட்டி வைத்த, சுமை ஏற்றும் இரும்புச் சைக்கிள். ரைன் நதிக் கரையோரமாக வந்து ஆய்வகச் சுவரோரம் நிறுத்துவேன். அதற்கு நேர் கீழே, நிலவறையில், எங்கள் ஆய்வகத்தில் சோதனைகள் செய்யும் வீப்கே ஹார்ம்சனின் அயனி இருந்தது தற்செயல்.

விசாரணைக் குழுவில் இயற்பியல் படிக்காதவர்களும் இருப்பதால் விளக்கிவிடுகிறேன். ஒரே ஓர் அயனியை, அதாவது எலெக்ட்ரான்கள் பறிக்கப்பட்ட ஓர் அணுவை, காந்தப்புலத்தில் பிடித்து வைத்து வீப்கே இரண்டு அளவுகள் எடுப்பாள். முதலில், அயனி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது. பிறகு, அதில் மிச்சமிருக்கும் எலெக்ட்ரான் எந்த அதிர்வெண்ணில் தலைகீழாகப் புரள்கிறது என்பது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வரும் எண், கோட்பாடு சொல்லும் எண்ணோடு பொருந்த வேண்டும். அந்தக் கோட்பாட்டுக் கணக்கைப் போட்டவன் நான். என் இளமை முழுவதும் அதில் போயிற்று. முதல் மனைவியும் அதில்தான் போனாள்.

எண் பொருந்தவில்லை. வீப்கே துள்ளிக் குதிக்கவில்லை. அவள் வடகடல் பக்கத்துக்காரி; அந்தப் பக்கத்து ஆட்கள் எதற்கும் துள்ளுவதில்லை. "எக்ஹார்ட், ஒண்ணு உங்க கணக்கு தப்பா இருக்கணும், இல்லேன்னா இயற்கையில நமக்குத் தெரியாதது ஏதோ இருக்கு" என்றாள். இரண்டாவதைத்தான் அவள் நம்பினாள். ஆனால் முதலாவதை முதலில் சொன்னதை நான் கவனித்தேன்.

ஒரு நாள் அவள் முதல் அளவை முடித்துவிட்டுக் காபி குடிக்க மேலே வந்தபோது, நான் பல் மருத்துவரிடம் கிளம்பினேன், சைக்கிளில். அன்றைய எண் என் கணக்கை நோக்கி நன்றாகவே நெருங்கி வந்திருந்தது. இரும்பு நகர்ந்தால் காந்தப்புலம் துளி அசையும்; முதல் அளவு ஒரு புலத்திலும் இரண்டாவது வேறு புலத்திலும் எடுத்ததாகிவிடும், வகுத்து வரும் எண்ணும் மாறும். இது பள்ளிக்கூடப் பாடம். அதன்பின் அவள் காபிக்கு வரும்போதெல்லாம் எனக்கு வெளியே ஏதாவது வேலை இருந்தது. எவ்வளவு தள்ளி நிறுத்தினால் எண் பொருந்தும் என்று கண்டுபிடித்தேன். மழையிலும் போனேன். மூட்டுவலி குறைந்தது.

அவளுடைய எண் எதையும் நான் தொடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய முடிவு தன் பிழை என்று வீப்கே கருத்தரங்கில் எழுந்து நின்று சொன்னாள். பிழையைத் தேடிக் கருவியையே பிரித்துப் போட்டாள். மாதக்கணக்கில் காப்பாற்றி வைத்திருந்த அயனி அதோடு போயிற்று. அழுதாள். நான் பிளம் கேக் வாங்கிக் கொடுத்து, விஞ்ஞானத்தில் பணிவு முக்கியம் என்றேன். நன்றி சொன்னாள். புதிய அயனியும் என் கணக்கையே ஆமோதித்தது.

பிறகு என் சைக்கிள் திருட்டுப் போனது. இந்த ஊரில் எதற்கும் பாதுகாப்பில்லை.

அந்த வாரமே காபி அறையில் வீப்கே கேட்டாள்: "உங்க சைக்கிள் எங்க?"

"எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான்."

"என்னைக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "செவ்வாய்க்கிழமையிலேருந்துதான் அயனியும் உங்க பேச்சைக் கேக்கல" என்றாள். சத்தமே போடவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆம், நான்தான் செய்தேன். வேறு இரண்டு நாடுகளின் ஆய்வகங்களும் இப்போது, என் கணக்கோடு பொருந்தாத அவளுடைய முதல் எண்ணையே கண்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். அங்கே யார் சைக்கிளை நகர்த்துகிறார்கள் என்பதையும் இந்தக் குழு விசாரிக்க வேண்டும்.