சத்தம் வேண்டும் என்று வந்த கிரைண்டர்

பெயர் செல்வநாயகி, வயது நாற்பத்தேழு, காலஞ்சென்ற ஆனந்தராஜ் மனைவி, விருத்தாசலம் ஆலடி ரோட்டில் குடியிருக்கிறேன். வீட்டின் முன்பக்கத்திலேயே மிக்சி, கிரைண்டர், டேபிள் ஃபேன் பழுது பார்க்கும் கடையைப் பத்தொன்பது வருடமாக நடத்தி வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியும். எஸ்.ஐ. அம்மா கேட்க, நான் சொல்வதை ஏட்டையா எழுதுகிறார். அவர் முதலில் மாவு அரைக்கும் இயந்திரம் என்று எழுதினார். அது இப்போது மாவு அரைப்பதில்லை, சாக்லேட் அரைக்கும் கிரைண்டர், அதற்காக நான் இரண்டு வருடம் பாடுபட்டிருக்கிறேன் என்று சொல்லித் திருத்த வைத்த பிறகுதான் மேற்கொண்டு சொல்கிறேன்.

கிரைண்டர் அமுதவள்ளியுடையது. அவள் சொந்த ஊர் கம்மாபுரம், வயது முப்பத்தொன்று, குழந்தை இல்லை. கணவன் பூபாலன் இங்கே ஒரு செராமிக் யூனிட்டில் சூளை பார்க்கிறான். அவர்கள் இருக்கிற வீடு முன்பு பொம்மைப் பட்டறையாக இருந்தது. பின்பக்கம் ஈரப் பொம்மைகளைக் காய வைத்த அறை ஒன்று உண்டு, ஜன்னல் கிடையாது, சுவர் கனம், இரும்புக் கதவு. அமுதவள்ளி அதில் கோகோ மூட்டையும் சர்க்கரை மூட்டையும் வைத்திருந்தாள். வீட்டிலேயே சாக்லேட் செய்து நெய்வேலியில் விற்று வந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு மோட்டார் கருகின ஒரு டேபிள்டாப் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். இட்லி மாவு முக்கால் மணி நேரத்தில் அரைந்துவிடும். சாக்லேட் அப்படியில்லை, வறுத்த கோகோவைப் போட்டால் இரண்டு பகல் இரண்டு ராத்திரி நிறுத்தாமல் ஓட வேண்டும், நடுவில் நின்றால் உறைந்துபோய்க் கல்லைப் பிடித்துக்கொள்ளும். இதை அவள் சொன்னதும், "ஏன்டி, இது கிரைண்டரா, செக்கு மாடா?" என்று திட்டினேன். அவள் சிரித்தாள். அதன் பிறகு நானும் அவளும் சேர்ந்து ஒவ்வொன்றாக மாற்றினோம். மோட்டாருக்குத் தனி ஃபேன் வைத்தேன், பெல்ட்டைத் தடித்ததாகப் போட்டேன், கல் சுற்றுகிற இடத்தில் இருந்த பிளாஸ்டிக் வளையம், புஷ் என்போம், வாரத்துக்கு ஒன்று தேய்ந்ததால் தொழிற்பேட்டையில் அளவு கொடுத்து செராமிக்கில் புஷ் செய்து வாங்கினேன், அடியில் ரப்பர் கால் வைத்தேன். கடைசியில் கை வைத்துப் பார்த்தால்தான் ஓடுவது தெரியும் என்கிற அளவுக்குச் சத்தம் அடங்கியது. பூபாலன் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற ஆள், சத்தம் என்று சொல்லி ஒருமுறை வயரைப் பிடுங்கி வீசியிருக்கிறான், அதனால் அவளுக்கு அது பெரிய நிம்மதி. எனக்கு அந்த வேலையில் பெருமை உண்டு, அதையும் எழுதிக்கொள்ளலாம்.

போன மாதம் சர்வீசுக்கு வந்தபோது, பாண்டிச்சேரியில் ஒரு சாக்லேட் பட்டறையில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், தங்கவும் இடம் தருகிறார்கள் என்றாள். "அவரு வேணாங்கிறாரு அக்கா. ஆனா நான் போயிடுவேன்" என்றாள். "போடி, தைரியமா போ" என்று நான் சொன்னேன்.

கடந்த திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குப் பூபாலன் அந்தக் கிரைண்டரை வண்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தான். அதுவரை அவன் என் கடைப்படி ஏறியதில்லை. என்ன கோளாறு என்று கேட்டேன்.

"கோளாறெல்லாம் இல்ல. சத்தம் வரணும். பழைய புஷ்ஷு இருக்குதில்ல, அதயே போட்டுடுங்க."

பத்தொன்பது வருடத்தில் சத்தம் வரவில்லை என்று யாரும் என்னிடம் வந்ததில்லை. சத்தம் வருகிறது என்றுதான் வருவார்கள். காரணம் கேட்டதற்கு, "ஓடுதா நின்னுடுச்சான்னே தெரியல, அவளுக்கு வேலைல மனசு நிக்கல" என்றான். நான் அமுதவள்ளிக்குப் போன் போட்டேன், மணி அடித்து நின்றது. அவன் ஒண்ணுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வெளியே போனான். அதன் பிறகு அவள் நம்பரிலிருந்து, அவர் சொல்கிறபடி செய்யுங்கள் அக்கா என்று எழுத்தில் மெசேஜ் வந்தது. அமுதவள்ளி எனக்கு ஒருநாளும் எழுத்தில் அனுப்பியவள் இல்லை. எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான், "அக்கா, சாப்டீங்களா"வில் ஆரம்பித்து மூன்று நிமிஷம் பேசுவாள். அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் நான் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையை என் கையாலேயே பிரிக்கச் சொல்கிறானே என்கிற கோபத்தில் வேறொன்றும் மண்டையில் ஏறவில்லை.

அதன் பிறகு செராமிக் புஷ்ஷைக் கழற்றித் தேய்ந்துபோன பழையதைப் போட்டு, ரப்பர் காலையும் எடுத்துவிட்டு ஓட விட்டேன். தகர டின்னில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குவதுபோல இருந்தது. ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூபாலன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றான். "இது போதும்" என்றான். எனக்கு என்னவோபோல் இருந்தது.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவன் போன் செய்து, கிரைண்டர் நின்றுவிட்டது, உடனே வீட்டுக்கு வாருங்கள் என்றான். ஸ்கூட்டியில் போனேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் தெருக்குழாயில் நின்றுகொண்டு, "அந்தப் பொண்ணு திங்கக்கிழமைலேருந்து வுடாம அரைக்குது, இப்பதான் சித்த ஓய்ஞ்சுது, தலவலி உயிரு போவுது" என்றார். அமுதவள்ளி அரைத்தால் தெருமுனையிலேயே வாசனை வரும். அன்று வாசற்படி ஏறியும் வாசனை இல்லை.

கிரைண்டர் சமையல் அறையில் இல்லை. பின்பக்க நடையில், அந்த இரும்புக் கதவை ஒட்டித் தரையில் வைத்திருந்தது. கதவில் புதுப் பூட்டு. அமுதா எங்கே என்று கேட்டேன். "அவங்க அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, கம்மாபுரம் போயிருக்குது" என்றான். அப்போது அரைப்பது யார் என்று கேட்டதற்கு, நான்தான் என்றான். மூடியைத் திறக்கப் போனேன், சூடு போய்விடும், திறக்காதீர்கள் என்றான். சாக்லேட்டுக்கு அது சரியான பேச்சுதான் என்பதால் திறக்கவில்லை. பெல்ட் கழன்றிருந்தது, சாய்த்து அடிப்பக்கமாகவே மாட்டினேன்.

எது செய்தாலும் ஒரு நிமிஷம் ஓட விட்டு, நிறுத்தி, கல் ஓய்கிற சத்தத்தைக் காது வைத்துக் கேட்பது என் பழக்கம். பேரிங் நிலைமை அதில்தான் தெரியும். அப்படியே அன்றும் நிறுத்தினேன். கல் ஓய்ந்து வீடு அமைதியானதும் இரும்புக் கதவுக்கு உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் மூன்று தடவை கேட்டது. பலமாக இல்லை. கொஞ்சம் விட்டு மறுபடியும் மூன்று தடவை. பூபாலனைப் பார்த்தேன். அவன் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எலி. மூட்டயக் கடிக்குது. போடுங்க அக்கா, ஓடட்டும்."

நான் சுவிட்சைப் போட்டேன். அவன் போடவில்லை, நான்தான் போட்டேன். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது கையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, கோகோ நிறம் இல்லை. புடவையிலும் கையிலும் வெறும் சாம்பல் நிறத் தூள், விரலில் தேய்த்தால் நறநற என்றது. கல் தூள். டிரம்மில் ஒன்றுமே போடாமல் மூன்று நாளாகக் கல்லோடு கல்லை ஓட விட்டிருக்கிறான் என்று அப்போது புரிந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் எலிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்தவர் குடும்பம், நாம் எதற்கு என்று இருந்தேன். கிரைண்டர் சத்தம் போடுகிறது என்று போலீசில் போய்ச் சொன்னால் சிரிப்பார்களே என்றும் வெட்கப்பட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அமுதவள்ளியின் தங்கை தேவிக்குக் கம்மாபுரத்துக்குப் போன் செய்தேன். "அக்கா இங்க வரலியே, அப்பா நல்லாத்தான் இருக்காரு" என்றாள். போட்டது போட்டபடி இந்த ஸ்டேஷனுக்கு ஓடி வந்து எஸ்.ஐ. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே இரண்டு காவலர்களோடு என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

தெரு திரும்பும்போதே கிரைண்டர் சத்தம் கேட்டது. பூபாலன் அன்று பகல் ஷிப்டுக்குப் போயிருந்தான், வாசற்கதவை உடைத்து உள்ளே போனோம். நிறுத்துங்கள் என்று எஸ்.ஐ. அம்மா சொன்னார், நிறுத்தினேன். கல் ஓய்ந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தட்டுகிற சத்தம் வரவில்லை. "அமுதா, நான் அக்கா வந்திருக்கேன்டி" என்று கதவில் வாய் வைத்துக் கத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி கத்தினேன். அவள் செத்துவிட்டாள், நேற்று உயிரோடு இருந்தவளை நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு காவலர்கள் பூட்டை உடைத்தார்கள். அமுதவள்ளி கதவை ஒட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. ஒரு கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு குடம், அடியில் கொஞ்சம் தண்ணீர். எங்களைப் பார்த்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை, எஸ்.ஐ. அம்மாதான் மெதுவாக விலக்கினார். அதே நேரத்தில் வேறு காவலர்கள் பூபாலனைச் சூளைக்கு எதிரிலேயே பிடித்துவிட்டதாகப் பிறகு தெரிந்துகொண்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை காலை அரசு ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரிக்குத் துணி அடுக்கும்போது பிடித்து உள்ளே தள்ளிப் பூட்டியிருக்கிறான். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது, காற்றாகத்தான் பேசுகிறாள். நான் வந்து கூப்பிட்டேனே, ஏன்டி ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை என்று கேட்டேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"உங்க கொரல் கேட்டுது அக்கா. முந்தாநாளு தட்டுனப்ப திரும்பப் போட்டுட்டீங்க இல்ல. அதான் இந்தவாட்டி மூச்சு வுடாம இருந்தேன்."

இது வழக்குக்குத் தேவைப்படாது, விட்டுவிடலாமா என்று ஏட்டையா கேட்டார். விடக் கூடாது, அவள் சொன்னபடியே எழுத வேண்டும் என்று சொல்லி எழுத வைத்தேன். முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, நடந்தது, ஒன்றும் கூட்டவில்லை, எனக்குச் சாதகமாக ஒன்றும் குறைக்கவில்லை.

(ஒப்பம்) ஆ. செல்வநாயகி