வலது ஸ்பீக்கர்

கர்நாடக சங்கீதம் கேட்க விலை உயர்ந்த ஸ்பீக்கர் வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அறை சரியாக இருந்தால் போதும். சொன்னால் பலர் நம்புவதில்லை.

முப்பத்தொரு வருஷம் சர்வேயராக இருந்தவன் நான். ஓய்வு பெற்றபோது ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து ஒரு தோடியை உள்ளபடி கேட்க வேண்டும். கையில் பன்னிரண்டாயிரம் இருந்தது. ஏப்ரலில் என் மகன் இனியன் பெங்களூரிலிருந்து பதினெட்டாயிரம் அனுப்பினான், அம்மாவுக்கு ஏர் கூலர் வாங்கச் சொல்லி. என் மனைவி மணியம்மாள் வாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தாள். இடது கையும் காலும் வராது. பேச்சு குழறும், ஆனால் புரியும். கூலர் பார்க்கப் போகாமல் இல்லை. கடையில் ஓடவிட்டுக் காட்டச் சொன்னேன். அந்த இரைச்சலில் தம்புரா அறவே கேட்காது. திரும்பி வந்துவிட்டேன்.

செங்கம் ரோட்டில் பக்ருதீன் பாய் பழைய ஸ்பீக்கர்களைச் சரிசெய்து விற்கிறார். ஆசிரமத்துப் பக்கம் தங்கிவிட்டு ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் சரக்கு. என்னை மூன்று ஜோடி கேட்க வைத்தார்.

"பெருசா வாணாம் சார். சின்ன ரூம்ல பேஸ் ஜாஸ்தியா அடிச்சா மிருதங்கம் கொழகொழன்னு ஆயிடும். உங்களுக்கு வயலினும் வாய்ப்பாட்டும் சுத்தமா வரணும். இந்தச் சின்ன ஜோடிய எடுத்துக்குங்க" என்றார்.

ஆம்ப்ளிஃபயர், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து முப்பதாயிரம். அவரே வீட்டுக்கு வந்து பொருத்தினார். இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் சம முக்கோணமாக இருக்க வேண்டுமாம். டேப் பிடித்து அளந்தேன். மூன்றாவது முனை மணியம்மாளின் கட்டிலில் விழுந்தது.

பாய் பதறிவிட்டார். "அம்மா கட்டில் அங்கியே இருக்கட்டும் சார். ஸ்பீக்கர கொஞ்சம் திருப்பி வெச்சுக்கலாம். கொஞ்சம் கம்மியா கேக்கும், அவ்ளோதான்."

அந்தக் கொஞ்சத்துக்காகத்தானே முப்பதாயிரம் கொடுத்தேன்?

பின்பக்கம் ஓர் அறை இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மறுநாள் கட்டிலை அங்கே மாற்றினேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கியே ஓரமா கெடக்கறேங்க. வாயே தொறக்க மாட்டேன்."

"நீ மூச்சு உடறதே கேக்குது, மணி" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை.

மே மாத வெயில் உங்களுக்குத் தெரியும். மலையும் காய்கிறது, கூரையும் காய்கிறது. அவள் அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தாள். அந்த அறைக் கதவு சட்டத்தில் சரியாக உட்காராது. வெளியே தாழ்ப்பாள் போட்டால் இறுகிக்கொள்ளும். கீழே இருந்த இடைவெளியில் பழைய போர்வையைச் செருகினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. காற்றும் குறைந்திருக்கும். ஒப்புக்கொள்கிறேன்.

போன புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சாதம் ஊட்டினேன். தலைமாட்டில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மூன்று மணி நேரக் கச்சேரி, பழைய பதிவு. ஒன்றேகாலுக்குச் சொம்பு உருண்டது. பிறகு "தண்ணி" என்றாள். ஆலாபனை அப்போதுதான் மேல் ஸ்தாயிக்கு ஏறிக்கொண்டிருந்தது. எழுந்தால் அது போய்விடும்.

கொஞ்ச நேரத்தில் கட்டிலிலிருந்து கனமாக ஏதோ விழுந்தது. அதன் பின் வலது ஸ்பீக்கரில் ஒரு கீறல் சத்தம். கரகரவென்று, விட்டு விட்டு. எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. பழைய சரக்கு, உள்ளே ஏதாவது கிழிந்திருக்குமோ என்று பயந்தேன். பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். பாட்டு நின்ற பிறகும் கீறல் வந்தது. பின்னறைக் கதவிலிருந்து வந்தது, அடிப்பக்கத்திலிருந்து. ஒரு கையால் அவ்வளவு தூரம் தவழ்ந்து வந்திருக்கிறாள்.

ஸ்பீக்கரில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுபடி பாட்டைப் போட்டேன்.

தனி ஆவர்த்தனத்துக்கு முன்பே கீறல் நின்றுவிட்டது. மிருதங்கம் அன்றைக்குப் பேசியதுபோல் நான் கேட்டதில்லை. கச்சேரி முடிந்து, மங்களமும் கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கப் போனேன். அந்த நேரம் மோர் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு சிந்துஜா, நான் தாழ்ப்பாள் நீக்குவதைப் பார்த்துவிட்டாள். உங்களுக்குப் போன் செய்தது அவள்தான்.

இனியன் நேற்று இங்கே வந்து அழுதான். "அப்பா, சத்தமா வெச்சிருந்தேன், எதுவுமே கேக்கலன்னு சொல்லிடுங்கப்பா. அம்மாவும் போயிட்டாங்க. நீங்களாவது வேணும்பா" என்றான். அவன் சொன்னதையே நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தேன். இதில் நான் கையெழுத்துப் போட முடியாது.

சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறவனுக்குச் சங்கீதம் தெரியாது, ஐயா. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு மேல் நான் ஒருநாளும் வைத்ததில்லை. அவள் கூப்பிட்டது ஒவ்வொன்றும் என் காதில் விழுந்தது. பதினோரு தடவை. பத்து தடவை தண்ணீர் கேட்டாள். கடைசித் தடவை, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பாட்டு முடிஞ்சிடுச்சாங்க?" என்று கேட்டாள்.

முடியவில்லை. அதனால் பதில் சொல்லவில்லை.

எதுவும் கேட்கவில்லை என்ற அந்த வரியை அடித்துவிட்டு, எல்லாம் கேட்டது என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஊரில் நாலு பேர் என்னை ரசனை இல்லாதவன் என்று பேசிவிடக் கூடாது.