வண்டிக்காரருக்கே முதல் மட்டை

தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் கராஜ் உரிமையாளர், நம் அணித் தலைவர், தொடக்க ஆட்டக்காரர் பாண்டித்துரை அண்ணன் அவர்களே! மேடை நிறைந்த பெரியோர்களே! சமைத்து முடித்துப் பிள்ளைகளோடு வந்தும் பின்வரிசையே வாய்த்த தாய்மார்களே! டூட்டிச் சட்டையோடு கேம்ப் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவந்த தோழர்களே! அபுதாபி முசஃபா தமிழர் கிரிக்கெட் அணியின் ரசிகை, கிளினிக்கில் ஊசி போடும் ஜினியின் வணக்கம்.

கைதட்டாதீர்கள். நான் சொல்லப்போவது தோல்வியைப் பற்றி.

வெயிலில் தோற்றோம். விளக்கொளியில் தோற்றோம். எதிரணிக்கு ஆள் குறைந்த நாளிலும் நிறைவாகத் தோற்றோம். ஏன்? பையன்களுக்கு அனுபவம் போதாது என்கிறது கமிட்டி. அவர்களை நீக்கிவிட்டு, வேறு அணிகளிலிருந்து கைதேர்ந்தவர்களை வாடகைக்குக் கொண்டுவரும் தீர்மானம் சற்று நேரத்தில் இந்த மேடையில் வாசிக்கப்படும்.

நான் கேட்கிறேன்: அனுபவம் எங்கே கிடைக்கும்? பவுண்டரிக் கோட்டில் நின்று கருகினால் கிடைக்குமா? பந்து பொறுக்கியே பருவம் போனால் கிடைக்குமா?

நம் அணியில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பிக்கப்பில் ஆட்கள் மைதானத்துக்கு வருகிறார்களோ, அவருக்கே முதல் பேட்டிங். அடுத்த வண்டிக்காரர் அடுத்து. லைசென்ஸ் இல்லாத பையன்கள் கடைசியில். வாரமெல்லாம் வண்டி வைத்திருக்கும் ஃபோர்மேனுக்குக் கீழே நின்றவன் ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குக் கீழேதான். நாம் திறமை பார்க்கவில்லை. டயர் பார்த்தோம்!

சிரிக்கிறீர்கள். கடைசி ஆட்டத்தில் சிரித்தீர்களா? ஷார்ஜா தமிழர் அணியோடு ஆட்டம். தலைவர் முதல் ஓவரிலேயே அவுட். உடனே கஸ்டமர் போன். அணியின் மட்டைப் பையை ஏற்றிய பிக்கப்போடு பறந்துவிட்டார். என்ன அண்ணே? "அந்தாளு வண்டி பாலத்து மேல நின்னுபோச்சும்மா, நான் என்ன செய்ய" என்கிறீர்களா? சரி, உங்கள் பிழைப்பு. மற்ற வண்டிக்காரர்களுக்கு என்ன அவசரம்? அவுட்டானதும் ஒவ்வொருவரும் "கலாஸ்", முடிந்தது என்று சொல்லிச் சொந்த மட்டையோடு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

மிஞ்சியவர்கள் இருவர். ஸ்ப்ரே பெயின்டர் நிருபன், வெல்டர் ஆல்டோ. ஆட மட்டை இல்லை. திரும்பிப் போக வண்டியும் இல்லை.

யாழ்ப்பாணத்து நிருபன் நேராக எதிரணியிடம் போனான். "அண்ணை, எங்கட பேட் எல்லாம் வண்டியோட போட்டுது. உங்கட ரெண்டைத் தாறியளே? உங்களை அடிச்சுப்போட்டுத் திருப்பித் தாறன்."

குமரிக் கடற்கரைக்காரன் ஆல்டோ பின்னால் நின்று கத்தினான்: "திருப்பிக் குடுக்கத எல்லாம் பொறவு பாப்போம். நீ அடி மக்கா!"

அடித்தார்கள்! இரவல் மட்டையால் அடித்தார்கள். உறை இல்லாத கையால் அடித்தார்கள். வியர்வை வழிய, விரல் வீங்க அடித்தார்கள். கடைசிப் பந்து, கோட்டருகே கேட்ச். தோற்றோம். ஆனால் நம்மைப் பார்த்து எதிரணி பயந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஆல்டோவின் விரலுக்கு நான்தான் கட்டுப் போட்டேன். "வலிக்குதா?" என்றேன். "அது கெடக்கட்டும் சிஸ்டர். அடுத்த ஞாயிறு என்னைய இறக்குவாங்களா?" என்றான். அதற்கு மருந்து என்னிடம் இல்லை.

தோழர்களே, ஆசை காட்ட நான் வரவில்லை. பையன்களை முன்னால் இறக்கினால் அடுத்த சீசனும் தோற்போம். அதற்கடுத்ததும் தோற்கலாம். அது கற்றுக்கொள்கிறவன் தோல்வி. வாடகைக் கால்களில் ஓடிக் கோப்பை வென்றால், அதை யாருடைய ரூமில் வைப்பீர்கள்? வண்டி தருபவருக்கு நன்றி சொல்வோம், மாலை போடுவோம், பிரியாணியில் பெரிய துண்டு வைப்போம். முதல் மட்டையை ஆடத் தெரிந்தவனிடம் கொடுப்போம்.

தீர்மானத்தை வாசித்ததும் கை தூக்கச் சொல்வார்கள். மேடையில் உங்கள் ஃபோர்மேன் இருக்கிறார். யார் தூக்கவில்லை என்று பார்ப்பார். எனக்குத் தெரியும். "யல்லா", சீக்கிரம் என்றதும் தூக்கி, இறக்கி, சுமந்து பழகிய கைகள் உங்களுடையவை. இன்று ஒரு நிமிடம் அவை மடியிலேயே கிடக்கட்டும்.

பேசவிட்ட தலைவருக்கு நன்றி. கை தூக்காமல் உட்காரப்போகிற உங்களுக்கு என் வணக்கம்.