அட்டையின் எடை

— பார்த்த வரைக்கும் எல்லாத் தாளிலும் விடை ஆறு புள்ளி ஒன்று என்றே இருக்கிறது, ரேணுகாம்மா. வர வேண்டியது ஐந்து புள்ளி இரண்டு. ஒரு வகுப்பே ஒரே தப்பை எப்படிச் செய்யும்? பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

— பாத்து எழுதுறவுக சரியான விடையைப் பாத்துல்ல எழுதுவாக, ஸ்ரீநிவாசன் சார்?

— பார்க்கப்போனால் அதுவும் நடக்கக்கூடியதுதான். ஒருவன் தப்பாகக் கணக்குப் போட்டிருப்பான். மற்றவர்கள் அவனை நம்பியிருப்பார்கள். சிவகங்கையிலிருந்து வெளித்தேர்வாளராக என்னை அனுப்பியது இதைக் கண்டுபிடிக்கத்தான். வேதியியல் செய்முறைத் தேர்வை ரத்துச் செய்யுமாறு எழுதப் போகிறேன்.

— தீர்ப்பு வாசிக்கிறவுக மாதிரிப் பேசாதீக சார். ரத்தாச்சுன்னா இதுகளுக்கு ஒரு வருசம் போயிரும். பாதிப் பேரு புதுவயல் மில்லுல மூட்டை தூக்குறவுக புள்ளைக. காலேஜு முதல்வர் வந்து ஏதோ சொல்லிட்டுப் போனதுலருந்து வராந்தாவுல அழுதுக்கிட்டு நிக்குதுக.

— நானும் காலையிலிருந்து நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

— அந்த முக்காலியில உக்காராதீக, காலு ஆடும். இங்குட்டு வாங்க.

— பியூரெட்டுக் குழாயை மேலிருந்து குனிந்து பார்த்தால் அளவு பிசகும். பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதிவிட்டாலும் பிசகும். ஆனால் அந்தப் பிசகு ஆளுக்கு ஆள் வேறுபடும். இது அப்படியில்லை.

— அதைத்தான் சார் நானும் சொல்ல வர்றேன். கைத்தப்புன்னா அங்குட்டும் இங்குட்டும் சிதறியிருக்கும். எல்லாரும் ஒரே எடத்துல போயி நிக்கிறாகன்னா, கை சுத்தமாத்தான் இருக்கு. குடுத்த அமிலந்தான் தப்பு.

— அமிலத்தைக் கரைத்தது யார்?

— நாந்தான். லேப்புப் பொறுப்பு என்னோடதுதான.

— என்ன தப்பு நடந்தது?

— அதுக்கு முன்னால ஒண்ணு கேக்குறேன் சார். நான் சொல்லிட்டா மத்த புள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

— கரைசல் பிழையானது என்று காட்டினால், பிள்ளைகள் மேல் குற்றமே இல்லை. அவர்களுடைய அளவுக்கு முழு மதிப்பெண் போடுவேன்.

— நேத்து அமிலத் தூளு நிறுக்குறப்ப தாளு தீந்துபோச்சு. எங்க தெருச் செட்டியார் வீட்டு அறுபதாங் கல்யாணப் பத்திரிகை கைப்பையில கெடந்துச்சு. பத்திரிகையா அது, பலகை. அதுல ஒரு துண்டு வெட்டித் தராசுல வச்சுச் சுழியாக்குனேன். கரண்டு போச்சு. அட்டையைக் கையில எடுத்துக்கிட்டேன். கரண்டு வந்ததும் தராசு தானாச் சுழி காட்டுச்சு. அட்டையைத் திரும்ப வச்சேன். சுழி அமுக்க மறந்துட்டேன்.

— அட்டையின் எடையும் அமிலத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது.

— ஆமா சார். பாட்டில்ல எழுதுனதைவிட நீத்துப்போச்சு. அதுனாலதான் எல்லாரும் கூடுதலா ஊத்த வேண்டியதாப் போச்சு, விடையும் ஏறிப்போச்சு. அட்டை இந்தா இருக்கு, நிறுத்துப் பாருங்க.

— இருங்கள்... பார்க்கப்போனால், பத்திரிகைக்கே இவ்வளவு கனமென்றால் பந்திக்கு எவ்வளவோ. அந்தப் பேனாவைக் கொடுங்கள். இதைக் கழித்தால்... ஆறு புள்ளி ஒன்றுதான் வருகிறது.

— வரும் சார்.

— ஒருவர்கூடப் பார்த்து எழுதவில்லை, ரேணுகாம்மா. தப்பான அமிலத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். கூப்பிடுங்கள், அழ வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

— கடைசித் தாளையும் பாத்துருங்க சார்.

— அதுவும் அப்படித்தானே இருக்கும்.

— பாத்துருங்க.

— இது வேறாக இருக்கிறதே. கீர்த்தி. ஐந்து புள்ளி இரண்டு.

— ம்.

— இந்த அமிலத்தை வைத்து யார் செய்தாலும் இந்த விடை வராது. காலையில் நீங்கள் என்னிடம் தனியாகச் சொன்ன எண் இது. உங்களையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. யார் இந்தப் பெண்?

— எம் மக, சார்.